பழைய ஹோண்டா சிட்டிக்கு ஒரு பக்கெட் சீட்

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய ஓடுதளத்தின் முதல் வளைவு வலப்பக்கம் திரும்பும் வேகமான வளைவு. என்னுடைய 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி விடெக்கில் அந்த வளைவுக்குள் முதன்முறையாக வேகமாக நுழைந்தபோது காரின் நடத்தையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருந்த விதத்தில்தான் குறை இருந்தது. கார் வலப்பக்கம் திரும்பத் திரும்ப என் உடல் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டே போனது. இடது முழங்காலை நடுக் கன்சோலில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, காரைத் திருப்புவதற்காகப் பிடிக்க வேண்டிய ஸ்டீயரிங்கைச் சரிந்து விழாமல் இருப்பதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு புதுச்சேரிக்குத் திரும்பிப் பார்த்தபோது முழங்காலின் பக்கவாட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

இரண்டு கதவுள்ள அசல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. 1.5 லிட்டர் எஞ்சினில் 106 குதிரைத்திறன் தரும் இந்தப் பழைய சிட்டிதான் எங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். டயர், பிரேக் பேடு, சஸ்பென்ஷன் என்று ஒவ்வொன்றாகப் பணம் சேர்த்துச் சேர்த்து மாற்றியிருந்தேன். சீட்டைக் கடைசியாக யோசித்தேன் என்பதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. காரின் அசைவுகளை நாம் முதலில் உணர்வது இடுப்பிலும் முதுகிலும்தான். உடல் நிலையாக இருந்தால்தான் பின்சக்கரம் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தெரியும் முன்பே இடுப்புக்குத் தெரியும். அந்த வகையில் டயருக்கு அடுத்தபடியாகச் செலவு செய்ய வேண்டிய பொருள் சீட்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வாங்கிய சீட்டில் ஏமாந்தேன். இணையத்தில் 11,000 ரூபாய்க்குக் கிடைத்த, முதுகில் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயர் தைக்கப்பட்டிருந்த ஃபைபர் பக்கெட் சீட் அது; பக்கெட் சீட் என்பது உயர்ந்த பக்கச் சுவர்களால் உடலை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் சீட். புகழ்பெற்ற பெயர்கள் எல்லாவற்றுக்கும் போலிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெயரைத் தைப்பதற்கு ஒரு எம்பிராய்டரி இயந்திரம் போதும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் சோதனையைத் தைக்க முடியாது. நான்கு மாதம் கழித்து, மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் துணியைக் கழற்றியபோது, பக்கவாட்டில் போல்ட் மாட்டும் உலோகத் துண்டைச் சுற்றி முடியிழை போன்ற வெள்ளைக் கோடுகள் சிலந்திவலையாகப் பரவியிருந்தன. சீட்டின் கெட்டியான ஃபைபர் கூடான ஓட்டின் மேல்பகுதியை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்டது. அந்தக் கோடுகளின் அருகில் தட்டினால் உளுத்த மரத்தைத் தட்டுவது போல மந்தமாகக் கேட்டது. கண்ணாடி இழையின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கிவிட்டன என்பதற்கு அந்த மந்தமான ஒலிதான் அடையாளம். நான் எங்கும் மோதவில்லை, வெறுமனே ஓட்டியதற்கே இந்த நிலை. அந்தச் சீட்டை யாருக்கும் விற்க மனம் வராமல் ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டேன்.

அறுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இடுப்புப் பகுதியில் அந்த ஓட்டின் உள்ளகலம் 34 சென்டிமீட்டர்தான். பிறகுதான் என் அளவை எடுத்தேன். சுவரை ஒட்டிப் போட்ட மரநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் தடித்த புத்தகங்களை இடுப்போடு ஒட்டி நிறுத்தி, அவற்றின் இடைவெளியை மனைவியை இஞ்ச் டேப்பால் அளக்கச் சொன்னேன். 37 சென்டிமீட்டர் வந்தது. டேப்பை உடம்பைச் சுற்றிப் பிடித்து அளந்தால் இந்த எண் கிடைக்காது. பேன்ட்டின் இடுப்பளவும் ஓரளவுக்குத்தான் வழிகாட்டும், ஏனென்றால் உட்காரும்போது தொடை அகலும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். பேன்ட் பாக்கெட்டில் எதுவும் இல்லாமல், அளவெடுத்த எண்ணோடு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக உள்ள சீட்தான் பொருந்தும். அதைவிட இறுக்கமாக இருந்தால் அரைமணி நேரத்தில் தொடை மரத்துப்போகும். அதைவிடத் தளர்வாக இருந்தால் பக்கெட் சீட் வாங்கியதற்கே பொருளில்லை. தோள் அகலத்தையும் இதே முறையில் எடுக்க வேண்டும். தோள்பட்டைக்குரிய பக்கச் சிறகுகள் அகலமானவர்களின் தோளை முன்னே தள்ளிவிடும், அப்போது ஸ்டீயரிங்கின் மேல்பகுதிக்குக் கை எட்டாது.

தரச்சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் நல்ல சீட் வாங்கும் வழி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. பந்தயச் சீட்டுகளுக்கு உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ வகுத்துள்ள, நீண்ட காலமாகப் பழக்கத்தில் உள்ள தரம் 8855-1999. அதற்கும் மேலான, இன்னும் கடுமையான மோதல் விசைகளைத் தாங்க வேண்டிய தரம் 8862-2009; அதன் விலை நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது. 8855-1999 தரச் சீட்டின் மேல் ஒரு அடையாளச் சிட்டை இருக்கும். அதில் தயாரிப்பாளர், மாதிரி, அங்கீகார எண், தயாரித்த காலம் ஆகியவை இருக்கும். அந்த எண்ணை எஃப்ஐஏ பொதுவில் வெளியிட்டிருக்கும் 12ஆம் எண் தொழில்நுட்பப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். போலிகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

இந்தத் தரத்துச் சீட்டுக்குப் போட்டிகளில் ஆயுள் 5 ஆண்டுகள்தான். தயாரித்த நிறுவனமே மறுபரிசோதனை செய்து கொடுத்தால் மேலும் 2 ஆண்டுகள் நீட்டிக்கலாம். காலாவதியான சீட்டை ராலி ஓட்டுநர் ஒருவர் போட்டிக்கு எடுத்துச் சென்றால் வாகனப் பரிசோதனையில் நிராகரித்துவிடுவார்கள். ஆகவே அவர் அதைக் கழற்றி விற்பார், அந்த விலை குறைவாகவே இருக்கும். போட்டியில் கலந்துகொள்ளாமல், ஓடுதளத்தில் தனக்காக மட்டும் ஓட்டும் என்னைப் போன்றவனுக்கு, சான்றே இல்லாத புதிய போலியைவிடச் சான்று முடிந்த, மோதாத, பழைய அசல் சீட் பல மடங்கு மேலானது. ஆனால் இந்த வாதம் எஃகுக் குழாயால் ஆன சட்டகத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும் என்று நான் கருதுகிறேன். ஃபைபர் ஓட்டில் உள்ளே நடந்திருக்கும் சேதத்தை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. எஃகுக் குழாயில் வளைவும் விரிசலும் துருவும் கண்ணுக்குத் தெரியும். ஸ்பார்கோவின் ஸ்பிரின்ட் போன்ற தொடக்கநிலைச் சீட்டுகள் இந்தக் குழாய்ச் சட்டக வகையைச் சேர்ந்தவைதான். எடை கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர நமக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை.

அப்படி ஒரு சீட் கோயம்புத்தூரில் கிடைத்தது. சிட்டையில் இருந்த காலம் ஓராண்டுக்கு முன்பு முடிந்திருந்தது. 14,000 ரூபாய் கேட்டார்கள். பேருந்தில் போய், கையில் டார்ச்சும் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற ஒரு சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். பெல்ட் நுழையும் துளைகளின் வழியாகக் கண்ணாடியை உள்ளே விட்டால் சட்டகத்தின் பற்றவைப்புகள் தெரியும். பற்றவைப்பின் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருந்தால் அங்கே உலோகம் அசைந்திருக்கிறது என்று பொருள். அடிக்குஷனைத் தூக்கி, வியர்வை இறங்கித் தேங்கும் கீழ்க்குழாயைத் தடவிப் பார்த்தேன். மேலோட்டமான துரு மட்டும் இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிரவில்லை. பிறகு சமதளமான சிமென்ட் தரையில் சீட்டை வைத்து, இரண்டு பக்கத்து போல்ட் துளைகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்தேன். மோதிய சீட்டில் இந்த இரண்டு உயரங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. கடைசியாக, விற்பவரின் அனுமதியோடு அதே தரையில் அந்தச் சீட்டில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லாச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். இடுப்பெலும்பும் கீழ்முதுகும் தங்கள் கருத்தைச் சொல்ல அரைமணி நேரம் ஆகும்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடற்கரை வெக்கையில் ரெக்சின் போர்த்திய சீட் வேண்டவே வேண்டாம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, வளைவில் உடம்பும் வழுக்கும். துணிதான் பிடித்து நிறுத்தும்.

சீட்டின் விலை பாதிக் கணக்குதான். மீதிப் பாதி அதன் அடியில் இருக்கிறது, இங்கேதான் நம் ஊர்களில் பலரும் கைவிடுகிறார்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 20 மடங்கு புவியீர்ப்பு விசைக்கு உள்ளாகும் மோதலில் ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையோடு சீட்டைத் தள்ளுவார். அந்த விசை முழுவதும், சீட்டைக் காரோடு இணைக்கும் உலோகத் தாங்கியான பிராக்கெட்டின் வழியாகத்தான் காரின் தரைக்குப் போயாக வேண்டும். சீட்டைத் தாங்கும் பிராக்கெட் எஃகாக இருந்தால் குறைந்தது 3 மில்லிமீட்டர், அலுமினியக் கலவையாக இருந்தால் 5 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்றும், குறைந்தது நான்கு இடங்களில் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டுகளால் பொருத்த வேண்டும் என்றும் எஃப்ஐஏ விதிகள் சொல்கின்றன. வில்லியனூரில் எனக்குப் பழக்கமான ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, கேட்டுக்கே ரெண்டு எம்எம்தான் போடுறோம், ஒத்தை ஆளு உக்கார்ற சீட்டுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார். "கேட் நின்ன இடத்துலயே நிக்கும்ணே, இது நூறு கிலோமீட்டர் வேகத்துல போகும்" என்றேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 4 மில்லிமீட்டர் தகட்டை எடுத்துவரும்படி பையனிடம் சொன்னார்.

என் காரில் சீட் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் கொக்கி தரையில் பொருத்தப்படவில்லை, சீட்டின் கீழ்ச்சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. அசல் சீட்டைக் கழற்றினால் கொக்கியும் போய்விடும். சீட் முன்பின் நகர்வதற்காக அடியில் மாட்டும் தண்டவாளம் போன்ற ரெயில்கள் சந்தையில் பொதுவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் கொக்கிக்கு இடமே இருக்காது. சிலர் ரெயிலின் ஓரத்தில் ஒரு தகட்டுத் துண்டைப் பற்றவைத்து அதில் கொக்கியை மாட்டிவிடுகிறார்கள். மோதலின்போது உடம்பின் எடையில் பெரும்பகுதியை இழுத்துப் பிடிக்கும் இடம் அது, அதை ஒரு பற்றவைப்பை நம்பி விட எனக்குத் துணிவில்லை. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த கார்களின் உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளில் தேடி, அதே மாதிரிக் காரின் ஓட்டுநர் சீட் ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் மேல்பகுதியை முழுவதும் பிரித்துவிட்டு, தொழிற்சாலையில் செய்த கீழ்ரெயிலையும், முன்பின் நகர்த்தும் பூட்டையும், கொக்கி மாட்டும் அசல் இடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த ரெயிலின் மேல், பற்றவைப்பே இல்லாமல், பட்டறையில் செய்த பக்கவாட்டுப் பிராக்கெட்டுகளை போல்ட்டால் இணைத்தோம். காரின் தரையில் ஒரு புதிய துளைகூடப் போடவில்லை. கொக்கியின் போல்ட்டை மட்டும் மறந்தும் மாற்றிவிடாதீர்கள். அது பெரும்பாலும் யுஎன்எஃப் எனப்படும் அங்குலக் கணக்கிலான 7/16 அங்குல நுண்மரை கொண்டது, கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் அதில் ஏறுவது போலத் தோன்றி மரையைக் கெடுத்துவிடும்.

அசல் ரெயிலை வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு, சீட் உயர்ந்துவிடும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது என் தலைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைந்தது. ஒரு கைமுட்டி அளவு இடைவெளி வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. பிராக்கெட்டில் துளைகளை இன்னும் கீழே போட்டு, சீட்டின் அடிப்பாகம் இரண்டு ரெயில்களுக்கும் நடுவே இறங்கி உட்காரும்படி செய்த பிறகு அது சரியானது. அடியில் போல்ட் மாட்டும் சீட்டுகளில் இந்த வசதி கிடையாது. ஆகவே பக்கவாட்டில் மாட்டும் வகையைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று.

போல்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடும் பழக்கம் நமக்கு உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல்; தலையில் 8.8 என்று பொறித்த எஃகு போல்ட்டுக்கு அது 800. துருப்பிடிக்காது என்பதற்காக வலிமை குறைந்ததைச் சீட்டுக்குப் போடக் கூடாது. அதோடு, ஸ்டெயின்லெஸ் மரைகள் முடுக்கும்போது ஒன்றோடொன்று கடித்து இறுகிக்கொண்டு, சரியாக இறுகிவிட்டது போல ஏமாற்றும். நான் துத்தநாகம் பூசிய 8.8 போல்ட்டுகளையே போட்டு, சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்கி, தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பக்கெட் சீட் வாங்கியதுமே, இரண்டு தோள்களையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் நான்கு முனை பெல்ட்டும் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய்க் கூடான ரோல் கேஜ் காருக்குள் இல்லாதபோது, கார் உருண்டு கூரை நசுங்கினால், மூன்று முனை பெல்ட் போட்டவரின் உடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு. தோள் இரண்டையும் கட்டிப் போட்டவரின் தலையும் கழுத்தும் கூரையின் அடியில் நிமிர்ந்தே நிற்கும். தோளின் மேல் வரும் பெல்ட் பட்டைகளைப் பின்சீட்டின் அடியில் உள்ள தரைக் கொக்கிகளில் செங்குத்தாகக் கட்டுவது இன்னும் மோசம், மோதலில் அது முதுகுத்தண்டைக் கீழ்நோக்கி அமுக்கும். தோளிலிருந்து பின்னோக்கி இறங்கும் பட்டையின் சாய்வு 45 பாகையைத் தாண்டக் கூடாது, 10 பாகை அளவே நல்லது என்கிறது எஃப்ஐஏ. கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லாத நான்கு முனை பெல்ட்டில், இடுப்புப் பட்டை மேலேறி வயிற்றில் பதிந்து, உடல் அதன் அடியில் நழுவிவிடும் ஆபத்தும் உண்டு. அசல் மூன்று முனை பெல்ட்டையே பயன்படுத்துவதென்றால், இடுப்புப் பட்டை சீட்டின் பக்கச் சுவரின் மேல் தொங்காமல், அதிலுள்ள துளையின் வழியாக இடுப்பெலும்பின் மேல் படிந்து போகிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். நான் வாங்கிய சீட்டில் அந்தத் துளை இருந்தது.

என் காரில் ஏர்பேக் எதுவும் இல்லை, ஆகவே அந்தக் கவலை எனக்கு வரவில்லை. சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் வைத்துத் தைத்திருக்கும் புதிய கார்களில், சாலையில் ஓட்டும் காராக இருந்தால், சீட்டை மாற்றவே கூடாது என்பதுதான் என் கருத்து. எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க, ஏர்பேக் இருப்பது போலக் காரை ஏமாற்றும் ரெசிஸ்டர் என்ற சிறு மின்பாகத்தை மாட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஏர்பேக் திரும்பி வராது.

செலவுக் கணக்கு இதோ. சீட் 14,000, புதுப்பேட்டை ரெயில் 2,500, தகடும் பட்டறைக் கூலியும் 3,800, போல்ட் நட் வாஷர் 450, போக்குவரத்து ஏறக்குறைய 2,000. மொத்தம் 22,750 ரூபாய். போலிக்குக் கொடுத்த 11,000 தனி.

பக்கத்துச் சீட்டை நான் மாற்றவில்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அசல் சீட்டிலேயே கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் உட்காருவார். உயர்ந்த பக்கச் சுவரைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க அவரால் முடியாது. என் சீட்டையும் அன்றாடம் மாட்டி வைப்பதில்லை. சாய்க்க முடியாத அந்தச் சீட் பின்சீட்டில் படுத்தபடி திண்டிவனம் வழியாக இருங்காட்டுக்கோட்டை வரை வரும். அங்கே நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாட்ட எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 15 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதனால் சாலையில் என் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த சீட்டுகளோடுதான் ஓடுகிறது.

சென்ற மாதம் மறுபடியும் அந்த முதல் வளைவுக்குப் போனேன். இடது கால் ஓய்வுப் பலகையில் சும்மா இருந்தது. வளைவின் நடுவில் தரையில் ஒரு சிறு மேடு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் மேல் ஏறும்போது பின்பக்கம் ஒரு நொடி லேசாகி மறுபடி பதிவதை இடுப்பில் உணர்ந்தேன். எட்டுச் சுற்று முடித்து வந்து, டார்ச்சை அடித்துச் சீட்டின் அடியில் பார்த்தேன். நான்கு மஞ்சள் கோடுகளும் உடையாமல் இருந்தன.